ஹெர்ட்ஸ்லர் ஸ்டூடியோவின் மஞ்சள் கரு

லெவி ஹெர்ட்ஸ்லர் படம் பிடித்தான். அவன் மனைவி சலோமி முட்டை உடைத்தாள். அந்தக் காலத்தில் பென்சில்வேனியாவில் அவர்கள் ஊர்க்காரர்களின் முகம் படத்தில் பளிச்சென்று விழ வேண்டுமானால் படம் அச்சிடும் காகிதத்தில் வெள்ளைக்கரு பூசியாக வேண்டும். மாடியில் ஸ்டூடியோ, கீழே சமையலறை. வெள்ளைக்கரு மாடியேறும், மஞ்சள் கரு சலோமியின் தலையில் விடியும்.

கொட்ட மனம் வருமா? நூடுல்ஸ் பிசைந்தாள், சூப்பில் கலக்கினாள், மிச்சத்துக்கெல்லாம் கேக் சுட்டாள். மஞ்சளாக எதைக் கண்டாலும் அவள் பிள்ளைகள் எழுந்து ஓடின. அப்புறம்தான் படம் பிடிக்க வெயில் வேண்டுமென்று மாடியில் காத்துக் கிடந்தவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்துப் பார்த்தாள். அதன்பிறகு மேகம் மூடினாலும் யாரும் முணுமுணுக்கவில்லை. லெவிதான் முணுமுணுத்தான். கேக் துணுக்கு வந்தவர்களின் தாடியில் ஒட்டிப் படத்திலும் விழுகிறதாம்.

எதிர்ச்சாரியில் பெரிய கண்ணாடிக் கூரையோடு இன்னொரு ஸ்டூடியோ முளைத்தது. லெவிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஜெர்மனியிலிருந்து வரும், முன்பே பூச்சுப் பூசிய காகிதத்தை வாங்கினான். படம் பளபளத்தது. முட்டை நின்றது, கேக்கும் நின்றது. சலோமிக்குக் கசக்குமா என்ன? கையில் முட்டை நாற்றமில்லாமல் தூங்கினாள்.

ஆனால் எதிர்க்கடைக்குப் போகாமல் மிஞ்சியிருந்த கொஞ்சம் பேரும் வரவில்லை. லெவி ஈயோட்டினான். இப்படியே போனால் குளிர்காலத்துக்குள் ஸ்டூடியோவை மூடிவிட்டு அண்ணன் பண்ணையில் மாடு கறக்கப் போக வேண்டியதுதான் என்றான். படம் பிடிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத மனுஷன்.

ஒருநாள் பக்கத்துப் பண்ணை மாக்தலேனா தன் வாண்டுப் பட்டாளத்தோடு மாடியேறினாள். கேக் எங்கே என்று கேட்டாள். இல்லை என்றதும் உட்கார்ந்தவள் எழுந்துவிட்டாள்.

"இவனுங்கள ஆடாம அசையாம உக்கார வைக்க நான் எதக் காட்டுறது, லெவி? எதிர்க்கடைக்கே போறோம்பா. அங்க வெளிச்சமாவது நல்லா இருக்கு."

அன்று சாயங்காலம் லெவி ஒரு கூடை முட்டையோடு சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"காகிதந்தான் ஜெர்மனில இருந்து வருதே. இது எதுக்காம்?" என்றாள் சலோமி, திரும்பாமலே.

"காகிதத்துக்கு இல்ல."

"பின்ன?"

அவன் கூடையை மேசையில் வைத்தான். "ஜனங்க என் படத்துக்காக வரல, சலோமி. இந்தக் கடைய இத்தன நாளா நீதான் நடத்திருக்க."

சலோமிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து முட்டை உடைத்தவளுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை. ஆனாலும் அந்தத் தொங்கிப்போன முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"உங்க படமும் ஒண்ணும் மோசமில்லங்க," என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை அவன் பக்கம் தள்ளினாள். "ஆனா இனிமே முட்டைய நீங்கதான் உடைக்கணும்."