பதினைந்து நிமிடப் பொறுமை

தொலைதூரக் கல்வியில் உளவியல் படிக்கிறேன். ஒருமுறை பயிற்சி ஒன்று கொடுத்தார்கள். ஒருவரைப் பதினைந்து நிமிடம் பேசவிட்டு, குறுக்கே பேசாமல், அறிவுரை சொல்லாமல் கேட்க வேண்டும். அதைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். நான் இருப்பது மலேசியாவில், ஈப்போவில், அண்ணன் வீட்டில். கைக்கெட்டிய ஆள் அண்ணிதான்.

கைப்பேசியை மேசைமேல் வைத்து, "மனசுல என்ன குறைன்னு சொல்லுங்க அண்ணி" என்றேன்.

"குறையே நீதான்லா" என்று ஆரம்பித்தாள். "நாப்பது வயசுல புத்தகத்தத் தூக்கிட்டு உக்காந்தா சட்டி பானைய யாரு கழுவுறது? பால்மரம் வெட்டுன குடும்பத்துக்கு எதுக்கு இந்தப் படிப்பு? எந்தப் பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கப் போற?"

அவளும் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில்தான் பிறந்தவள். அவள் அம்மாவும் என் அம்மாவும் ஒன்றாக மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து அந்தச் சட்டி பானையைக் கழுவுவதும் நான்தான். இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். கைப்பேசியில் பதிவு ஓடும் சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பதினைந்து நிமிடமும் அவள் ஓயவில்லை.

வேறு ஆளைத் தேட நேரமில்லாமல் அதையே அனுப்பினேன். திருத்திய ஆசிரியைக்கும் தமிழ் தெரியும். "அபாரமான பொறுமை. ஏசுகிறவரிடம்கூட இவ்வளவு பரிவு" என்று எழுதி, முழு மதிப்பெண்ணும் போட்டிருந்தார்.

அந்தப் பரிவு இன்னும் தீரவில்லை. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மூன்று மாதமாக அண்ணியிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.