காற்றில் கிளம்பிய தகர ஷெட்

நெட்டுக்குப்பத்தில் மீன் பிடிக்கிறேன். வலையும் படகு இன்ஜினும் வைக்க, சாத்தாங்காட்டில் ஒரு கடையில் தகர ஷெட் வாங்கினேன். கடைக்காரர் அனுப்பிய ஃபிட்டர் அதை வீட்டின் பின்புற மணலில் நிறுத்தினார்.

"தரையோட சேர்த்து போல்ட்டு போடலியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இன்னா நைனா, இது இன்னா படகா, நங்கூரம் போட? அது வெய்ட்டுலியே நிக்கும்" என்று சிரித்தார். கூச்ச சுபாவம் எனக்கு. வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு மதியம் கடல்காற்று பலமாக வீசியது. ஷெட் அப்படியே கிளம்பி, என் மனைவி கருவாடு காயப்போடும் இடத்தில் விழுந்தது. தண்ணீர் குடிக்க அப்போதுதான் அவள் உள்ளே போயிருந்தாள். அவள் உட்கார்ந்திருந்த பலகை இரண்டாக உடைந்து கிடந்தது.

கடைக்குப் போனேன். "காத்தடிச்சதுக்கு நான் என்னங்க செய்ய?" என்றார் கடைக்காரர்.

"கடலோரம்னு தெரிஞ்சிதானே வித்த? என் பொண்டாட்டி செத்துருந்தாலும் இதத்தான் சொல்லுவியா?" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கம் வரவில்லை.

அவர் ஒன்றும் செய்யவில்லை. நானே குழி தோண்டி, ஷெட்டின் நான்கு கால்களையும் கான்கிரீட்டில் இறுக்கினேன். கோபம் இன்னும் தீரவில்லை. இப்போதெல்லாம் வேலைக்கு வருகிறவர் எவ்வளவு சிரித்தாலும், கேட்டதற்குச் சரியான பதில் வராமல் ஓர் ஆணிகூட அடிக்க விடுவதில்லை.