கரண்டி கேட்காத கிழமை

பாஸின் கைகள் இரண்டும் முழங்கைவரை சிவந்து தடித்திருந்ததைத்தான் முதலில் பார்த்தேன். முகத்தைப் பார்த்தது பிறகு. வெள்ளவத்தையில் கடற்கரைக்குப் போகும் எங்கள் ஒழுங்கையின் முனையில் பதினான்கு மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்தவர்களுக்கு மத்தியானச் சோற்றுப் பார்சல் கட்டிக்கொடுத்தவள் நான். "எனக்கும் என்ர ஆக்கள் மூண்டு பேருக்கும் கரண்டி வேணும், அக்கா" என்றார். மீன் குழம்புச் சோற்றைக் கரண்டியால் அள்ளும் வேலையாட்களை நான் அதுவரை கண்டதில்லை. "ஏன், வீட்டில ஊட்டி விடுறவையோ?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார்.

அவர் ஹெந்தளைக்காரர். கைவேலைக்காரரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்போம்; இவர் எல்லாருக்கும் பஞ்சுப் பாஸ். அந்தக் கட்டடத்துக்கு வெளிச்சுவர் கிடையாது. கண்ணாடியைத் திரைச்சீலை மாதிரி வெளிப்பக்கத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். தரை முடியும் இடத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண் இடுக்கு. மாடி மாடியாக அந்த இடுக்கில் பஞ்சை வெட்டி இறுக்கி அடைப்பதுதான் அவருடைய வேலை. "கட்டடத்துக்கு மெத்தை தைக்கிறியள் போல" என்று ஒருநாள் சீண்டினேன். மறுநாள் ஒரு துண்டோடு என் குசினிக்கே வந்துவிட்டார். காஸ் அடுப்பைப் பற்றவைத்து, துண்டை மேலே வைத்து, "இப்ப அதுக்கு மேல கையை வையுங்கோ" என்றார்.

"என்ர கை வெந்தா நாளைக்கு உங்களுக்கு ஆர் சமைக்கிறது?"

"வேகாது. வையுங்கோ."

வைத்தேன். கீழே பஞ்சின் அடி சிவந்து கனன்றுகொண்டிருந்தது. மேலே, படுத்திருந்த பூனையின் முதுகு மாதிரி இளஞ்சூடு. கல்லை உருக்கி நூலாக்கிய பஞ்சாம். "கீழ் மாடியில நெருப்புப் பிடிச்சா இந்த இடுக்காலதான் மேல ஏறும், அக்கா. மேல இருக்கிறவனுக்கு இறங்கி ஓட நேரம் வேணும். அந்த நேரத்தைத்தான் நான் அடைச்சு வைக்கிறன்." அந்தப் பஞ்சின் தூள் கையுறைக்குள்ளும் புகுந்து தோலில் குத்தி நிற்கும். கழுவினாலும் விரலில் கொஞ்சம் மிஞ்சும். கரண்டி அதற்குத்தான். அதற்குப் பிறகு அவர் கேளாமலே நாலு கரண்டி வைத்தேன். பகிடியை மட்டும் விடவில்லை.

அவர்கள் பத்தாம் மாடிக்குப் போன கிழமை, கரண்டி நாலும் அப்படியே திரும்பி வந்தன. திங்களன்று மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். செவ்வாயும் புதனும் அதே கதை. நாலு பேரும் கையால் பிசைந்து சாப்பிட்டார்கள். ஒருவரும் சொறியவில்லை. ஆனால் அவர்களை வேலை வாங்கும் சுப்பவைசர் தம்பி, பத்தும் பதினொன்றும் அடைத்து முடிந்துவிட்டது என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பருப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். வியாழனன்று, கொடுக்க மறந்த சம்பலைச் சாட்டாக வைத்துப் பதினொரு மாடியும் ஏறினேன். கண்ணாடியோரம் முழுக்கத் தகரம் அடித்து மூடியிருந்தது. பாஸ் அதன் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"இதுக்குள்ள என்ன இருக்கு, பாஸ்?"

"காத்து" என்றார். "பஞ்சு கப்பலில வந்து இன்னும் ஹாபரில நிக்குது. நாளைக்குச் செக் பண்ண வருகினம். மூடு, பிறகு பாப்பம் எண்டு தம்பி சொன்னவர்."

"பிறகு எண்டா?"

"பிறகு இதுக்கு மேல தரை போட்டிடுவினம்."

"நாளைக்கு வாறவைக்குச் சொல்லுங்கோவன்."

"சொன்னா எனக்கு இங்க வேலையில்லை, அக்கா."

வெள்ளிக்கிழமை வந்தவர் ஓர் இன்ஜினியர் மிஸ். சிங்களப் பிள்ளை. சாப்பாட்டு நேரம் எல்லாரோடும் இருந்து என் பார்சலையே பிரித்தார். நான் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் என் வாய்க்குப் பகிடியைத் தவிர வேறு வழி தெரியாது. "என்ன பாஸ், இந்தக் கிழமை கரண்டியே வேண்டாமாம். பதினோராம் மாடியைப் பேய் வந்து அடைச்சதோ?" என்றேன். தமிழ் விளங்கியவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. மிஸ் மட்டும் சிரித்த முகத்தோடு, "மொகக்த கிவ்வே?" என்று, நான் சொன்னது என்னவென்று கேட்டார். சுப்பவைசர் தம்பி முந்திக்கொண்டார். மீன் இன்றைக்கு நல்லாயிருக்கிறதாம் என்று சிங்களத்தில் சொன்னார்.

எனக்குச் சிங்களம் தெரியும். சந்தையில் இத்தனை வருடம் பேரம் பேசிய சிங்களம். அப்போது அது வாயில் வரவில்லை. அந்தப் பார்சல் வியாபாரம்தான் என் வீட்டு அடுப்பு.

பாஸ் பாதிச் சோற்றோடு பார்சலை மடித்தார். கையைக் கழுவினார். "மிஸ், அக்கா மீனைப் பற்றிக் கதைக்கவில்லை" என்று சிங்களத்தில் தொடங்கி, நான் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். பேயைக்கூட விடவில்லை. "பத்தும் பதினொன்றும் வெறும் தகரம். மூடியவன் நான்" என்றார். பிறகு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு படியேறினார். மிஸ் அவருக்குப் பின்னால் போனார்.

தகரம் முழுவதும் கழன்றது. பஞ்சு வரும்வரை அந்த இரண்டு மாடியிலும் வேலை நின்றது. வந்த அன்றே நாலு பேரும் கரண்டி கேட்டார்கள். பாஸ்தான் நின்று அடைத்தார். கடைசித் துண்டு இறுகிய மறுநாள், இனி வரத் தேவையில்லை என்று அவரை அனுப்பிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேர்ச்சில் பூசை முடியும் நேரம் பார்த்து ஹெந்தளைக்குப் போனேன். பகிடி ஒன்றும் கொண்டுபோகவில்லை. "என்ர வாயாலதானே, பாஸ்" என்றேன். "விசரே அக்கா? நீங்க சொல்லாட்டிலும் நான் அண்டைக்குச் சொல்லியிருப்பன்" என்றார். என் மனம் நோகாமல் இருக்கச் சொல்லிய பொய்யாகவும் அது இருக்கலாம். நான் துருவிக் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பதினோராம் மாடியில் ஒரு பல் வைத்தியர் இருக்கிறார். மாதத்துக்கு ஒருமுறை மகள் என்னைக் கூட்டிப் போவாள். மற்றவர்கள் வெயிலுக்கும் உயரத்துக்கும் பயந்து உள்பக்கமாக இருப்பார்கள். "அம்மா, தலை சுத்தும், இஞ்சால வாங்கோ" என்று அங்கே வேலை செய்யும் பிள்ளை கூப்பிடுவாள். நான் கண்ணாடியோடு ஒட்டிய கதிரையில்தான் இருப்பேன். தரை முடியும் இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் ஊன்றி வைத்துக்கொள்வேன்.