சாய்வதற்கு ஓர் ஆள்

என் தங்கை நோலீன் முப்பத்தொரு வயதில் ஒரு பண்ணை ஏலத்தில் துருப்பிடித்த குவியல் ஒன்றை வாங்கினாள். எங்கள் விம்மராப் பகுதிக் கோதுமைக்காரர்கள் எல்லோரும் அன்று கலப்பைக்கும் வேலிக்கம்பிக்கும் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். வைக்கோலுக்கு அடியில் கிடந்ததை அவள் ஒருத்திதான் குனிந்து பார்த்தாள். அது 1927-இல் இங்கிலாந்தில் செய்த ஆஷ்டன்-ரீவ் மோட்டார் சைக்கிள். இடப்பக்கம் ஓர் ஆள் உட்காரும் சைடுகாரும் ஒட்டியிருந்தது. அந்தக் கம்பெனி எப்போதோ மூடப்பட்டுவிட்டது. இந்த நாட்டில் அதுபோல ஓடுகிற வண்டி இன்னொன்று இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதைக் கிளப்ப அவளுக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. காலையிலும் மாலையிலும் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். இடைப்பட்ட நேரம் முழுக்கக் கொட்டகையில் இருப்பாள். கடையில் பாகம் கிடைக்காத வண்டி என்பதால் ஒவ்வொரு புஷ்ஷையும் அவளே லேத்தில் கடைந்தாள். மேக்னெட்டோவுக்குக் கம்பி சுற்றக் கற்றுக்கொண்டாள், மூன்று முறை கெடுத்தபின் நான்காவது முறை அதில் பொறி பறந்தது. டாங்குக்கு மட்டும் வண்ணம் பூச மறுத்துவிட்டாள். அதன் இரு பக்கமும் முட்டி உரசி வண்ணம் போயிருந்தது. நான் கேட்டபோது, "முன்னாடி ஓட்டினவனோட முட்டி அது. அழிக்க நான் யாரு?" என்றாள்.

சைடுகாரில் உட்காருவது அவள் கணவன் ரெக்ஸ். ஆட்டுக்கு ரோமம் கத்தரித்தே முதுகு போனவன். காரில் அரைமணி நேரம் உட்கார முடியாது. சைடுகாரில் காலை நீட்டிக்கொண்டு நாள் முழுக்க வருவான். ஆனால் அங்கே சும்மா உட்கார்ந்து வர முடியாது. வண்டி இடப்பக்கம் திரும்பினால் சைடுகாரின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும். உள்ளே இருக்கிற ஆள் வெளிப்பக்கமாகச் சாய்ந்து அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே முனகுகிறவன், வளைவு வந்தால் பாதி உடம்பை வெளியே தொங்கவிடுவான். நோலீன் கத்துவாள்: "ரெக்ஸ், சாய்!" அவள் கத்துவதற்குள் அவன் சாய்ந்திருப்பான்.

அவனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அந்த எஞ்சினுக்கு எண்ணெய் தானாகப் போகாது. ஓட்டுகிறவள் டாங்கின் மேலுள்ள சிறு பம்பைக் கையால் அமுக்கிக்கொண்டே வர வேண்டும். பின்னால் மெல்லிய நீலப் புகை வந்துகொண்டிருக்கும்வரை பயமில்லை. புகை நின்றால் எண்ணெய் போதவில்லை என்று பொருள். ரெக்ஸ் திரும்பித் திரும்பிப் புகையைப் பார்ப்பான். அது மெலிந்தால் சைடுகாரின் தகட்டை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவான். நோலீனின் கை பம்புக்குப் போகும்.

ஊரின் தானியக் கிடங்கில் எடை போடுவது என் வேலை. ஊரில் எனக்குப் பெயரே தராசு. அறுவடை தொடங்கும்போது ரெக்ஸ் வந்து மூட்டைத் தராசில் ஏறி நிற்பான்.

"என்ன தரம், தராசு?"

"முதல் தரம்."

"பொய் சொல்லாத. வண்டு விழுந்த சரக்கு இது."

அறுபத்தெட்டு கிலோ, வருடா வருடம் அதேதான். சைடுகாரின் சுருள்வில்லை நோலீன் அந்த எடைக்குத்தான் அமைத்திருந்தாள். நுரையீரல் கெட்டபிறகு, கடைசி இரண்டு அறுவடைக்கும் அவன் தராசுப் பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. இலையுதிர் காலத்தில் இறந்துபோனான்.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோலீன் தனியாக வண்டியை எடுத்தாள். எங்கள் ஊர்ச் சாலைகள் கோடு போட்டதுபோல நேரானவை. முதல் வளைவு, வாய்க்கால் பாலத்தருகே, இடப்பக்கம். தகவல் வந்து நான் போனபோது வண்டி பார்லி வயலுக்குள் நின்றிருந்தது. கைப்பிடி வளைந்திருந்தது. அவளுக்கு அடி எதுவும் இல்லை. வேலிக்கட்டையில் உட்கார்ந்திருந்தாள்.

"வளைவுல அவனைச் சாயச் சொல்லிக் கத்தினேன், லின்," என்றாள். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாளாகியிருந்தது. "அவன் சாயலன்னு கோவம்கூட வந்துச்சு."

சைடுகாரைக் கழற்றிவிட்டுத் தனி வண்டியாக ஓட்டலாமே என்று பழைய வண்டிச் சங்கத்தார் வந்து சொன்னார்கள். அவள் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டாள். பிறகு நகரத்து அருங்காட்சியகத்துக்குத் தானே போன் செய்தாள். அவர்கள் மகிழ்ந்துபோனார்கள். எண்ணெயையும் பெட்ரோலையும் வடித்துத் தர வேண்டும், வியாழக்கிழமை லாரி வரும் என்றார்கள். அப்படி வடித்து, கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்தினால் அந்த எஞ்சின் திரும்பக் கிளம்பாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

செவ்வாய்க்கிழமை நான் ஒரு மூட்டைக் கோதுமையை அறுபத்தெட்டு கிலோவுக்குத் தைத்து எடுத்துக்கொண்டு அவள் கொட்டகைக்குப் போனேன். எண்ணெய் வடிக்க எஞ்சினுக்கு அடியில் தகரத் தட்டு வைத்திருந்தாள். கைப்பிடியை நிமிர்த்தியிருந்தாள். வளைந்ததை யாரிடமும் கொடுக்க அவளுக்கு மனம் வராது.

மூட்டையைப் பார்த்துச் சிரித்தாள். "மூட்டை சாயாதுடா, தராசு."

அதைச் சரியாக வைத்துக் காட்டுகிறேன் என்று சைடுகாரின் இருக்கையைத் தூக்கினேன். அடியில் வட்ட வட்டமாக ஈயக் கட்டிகள். கப் கேக் அச்சில் வார்த்தவை. சத்தம் வராமலிருக்க ஒவ்வொன்றையும் ரெக்ஸின் பழைய பனியன் துணியில் சுற்றியிருந்தாள்.

அவளே சொன்னாள். அவன் இளைக்க இளைக்க அவள் ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறாள். வண்டி முன்போலவே திரும்ப வேண்டும், தன் எடை போதவில்லை என்று அவனுக்குத் தெரியக்கூடாது. கடைசி மாதங்களில் அவன் சாய்ந்ததில் பாதி வேலையை ஈயம் செய்தது.

"அவனுக்குத் தெரியவே தெரியாதா?"

"ஒரு நாள் சொன்னான். சீட்டு உயர்ந்துக்கிட்டே போகுது நோல், சீக்கிரம் உன் தலை மேல உட்கார்ந்திருப்பேன்னான். அவ்வளவுதான். அப்புறம் பேசல."

நான் இருக்கையை மூடப் போனேன். பிறகு மூடாமல், "நான் தொண்ணூறு கிலோ," என்றேன். "இதெல்லாம் எடுத்தாதான் எனக்குச் சரியா வரும்."

அவள் என்னைப் பார்த்தாள். "உனக்குச் சாயத் தெரியாது."

"கத்து. சாயறேன்."

கட்டிகளை அவள்தான் எடுத்தாள், என்னைத் தொடவிடவில்லை. துணியைப் பிரிக்காமல் பெஞ்சின் மேல் வரிசையாக வைத்தாள். பிறகு ஸ்பேனரை எடுத்து, என்னை உட்காரவைத்து, சுருள்வில்லின் நட்டுகளைத் திருகினாள். அந்த நட்டுகளைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும், இறுகிப்போயிருந்தன. அவள் முழு உடம்பையும் கொடுத்துத் திருப்பினாள். நான் இறங்கி உதவப் போனபோது, "எடை அசையாம இருக்கட்டும்," என்றாள்.

பாலத்து வளைவு வந்தது. அவள் இடப்பக்கம் திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்: "ரெக்ஸ், சாய்!"

சாய்ந்தேன். முழங்கை தார்ச்சாலைக்கு வெகு அருகில் போயிற்று. சக்கரம் தரையை விடவில்லை.

தான் என்ன பெயர் சொன்னாள் என்று அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ, வண்டி நேராயிற்று. நான் பின்னால் பார்த்தேன். புகை மெலிந்திருந்தது. தகட்டை ஒரு தட்டுத் தட்டினேன். அவள் கை பம்புக்குப் போக ஒரு கணம் தாமதித்தது. பிறகு போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் தகரத் தட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். அலமாரியிலிருந்து எண்ணெய் டப்பாவை எடுத்து, புனல் வைத்து, எண்ணெய் டாங்கை விளிம்புவரை நிரப்பினாள்.