‘வாரேன்’ என்று சொல்லிவிட்டுப் போனவருக்கு

சேவைச் சங்கத் தலைவர் அவர்களே, நீங்கள் ஒரு பிள்ளையை ஏமாற்றினீர்கள். அது அழுததை இங்கே வந்து பெருமையாகவும் சொன்னீர்கள்.

சாட்சி எழுதச் சொன்னால் இப்படியா ஆரம்பிப்பது என்று பங்கு மக்கள் நினைக்கலாம். ஆண்டவர் செய்ததைச் சொல்ல வேண்டுமானால், நீங்கள் செய்ததையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

1957ஆம் வருஷம். என் கணவர் முன்பே போய்விட்டார். ஒரே மகளும் காய்ச்சலில் போனாள். கீரனூர் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சமைக்கவும் மனமில்லை, சாகவும் துணிவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிறு பூசை முடிந்து நீங்கள் பேசினீர்கள். இலங்கையில், தேயிலைத் தோட்டத்து அனாதைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியில் ஆறு மாதம் சேவை செய்துவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள். கிளம்பும்போது ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டே உங்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை என்றீர்கள். எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன். அடுத்த குழுவில் பெயர் கொடுத்தேன்.

தனுஷ்கோடியில் கப்பல் ஏறிப் போனேன். மலைமேல் பள்ளி. எந்நேரமும் மழை, குளிர். துணி தைப்பது, பேன் பார்ப்பது, சிரங்குக்கு மருந்து போடுவது என் வேலை. சமையல்கட்டில் இருந்த ஞானம் என்னைப் பார்த்ததும் கேட்டாள்.

“நீங்க எப்ப கெளம்புறீங்க?”

“இப்பத்தான வந்தேன்.”

“அதான் கேக்குறேன். வர்றவங்க எல்லாம் பிள்ளைகளோட நின்னு படம் பிடிச்சுக்கிறாங்க, போயிடுறாங்க. சோறு வடிக்க நாந்தான் இருக்கேன்.”

எனக்குக் கோபம் வந்தது. பிலோமினாவைப் பார்க்கும் வரைக்கும்தான்.

அவளுக்கு ஏழு வயது இருக்கும். தாய் தகப்பன் இரண்டு பேரையும் மண் சரிவு கொண்டுபோய்விட்டது. சாயங்காலம் பஸ் வரும் நேரத்துக்குப் பள்ளி வாசல் கதவருகே போய் நிற்பாள். மழை பெய்தாலும் நிற்பாள். பஸ் போனதும் திரும்பி வருவாள். யாருக்காக என்று கேட்டேன்.

“ஊர்லேருந்து வந்த ஐயாவுக்கு.”

“அவுங்க திரும்பி வரமாட்டாங்கடா.”

“வருவாங்க. வாரேன்னு சொன்னாங்க.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

“எங்கம்மா சொல்லலை. நேரமாயிருச்சு, போறேன்னு சொல்லிட்டு ஓடினாங்க. அன்னைக்குத்தான் மண்ணு சரிஞ்சுச்சு. போறேன்னு சொன்னாத்தான் வரமாட்டாங்க.”

நம் ஊரில் யாரும் வாசலில் நின்று ‘போறேன்’ என்று சொல்வதில்லை. கடனே என்று ‘வாரேன்’ என்போம். உங்கள் வேட்டியைப் பிடித்த அந்தப் பிள்ளை அதை அப்படியே நம்பியிருக்கிறது. அதன் வேதபாடமே அந்த ஒரு சொல்தான்.

ஐப்பசி மழையில் அவள் படுக்கையில் விழுந்தாள். நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விசில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால் பாதையை மண் சரிவு அடைத்துவிட்டது. பள்ளியை நடத்தும் கன்னியர் மதர், ஜெபம் பண்ணுங்கள் என்றார்கள். நான் சிற்றாலயத்துக்குள் போய் முழங்கால் போடவில்லை. நின்றுகொண்டே கேட்டேன். “ஒருத்தியை எடுத்துக்கிட்டீர். இவளையும் எடுக்கவா என்னைக் கடல் தாண்டிக் கூட்டியாந்தீர்? பாதையை ஏன் அடைச்சீர்? பதில் சொல்லும்.” எனக்கு அப்படித்தான் ஜெபிக்கத் தெரியும்.

மத்தியானம் ஒருவர் சேறும் சகதியுமாக வந்து நின்றார். தோட்டத்து மருந்துக்காரர், சிங்களவர். வேறொரு தோட்டத்துக்குப் போகிறவர். பாதை அடைபட்டதால், மழைக்கு ஒதுங்க எங்கள் பக்கம் ஏறி வந்திருக்கிறார். பையில் ஊசி மருந்து இருந்தது. எந்தச் சரிவுக்காக நான் ஆண்டவரோடு சண்டை போட்டேனோ, அந்தச் சரிவுதான் அவரை எங்கள் வாசலுக்குத் தள்ளிவிட்டது. அவர் அங்கேயே தங்கி வைத்தியம் பார்த்தார். பிள்ளை பிழைத்தாள்.

பிறகு என் பர்மிட் முடிந்தது. நீட்டித்துத் தரக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். அவளைக் கூட்டிவரவும் விடவில்லை. அதற்கும் ஜெபித்தேன். வானம் வாயைத் திறக்கவில்லை.

கிளம்பும் நாள் அவள் கதவருகே நின்றாள். என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்தாள். வாரேன் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

“பிலோ, அத்தை போறேன்டா” என்றேன்.

“வாயக் கழுவுங்க, கெளம்புற நேரத்துல என்ன பேச்சு” என்று ஞானம் கத்தினாள். பிள்ளை அழவில்லை. என்னைக் கேட்டாள்.

“எந்த ஊரு நீங்க?”

“கீரனூரு.”

“சரி, நீங்க போங்க அத்தை. நான் வாரேன்.”

கப்பலில் வரும் வழியெல்லாம் அழுதேன். ஊர் வந்ததும் முதல் வேலையாக உங்களிடம் வந்து கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். “அது பேச்சு வழக்கும்மா. போறேன்னா சொல்லுவாங்க, அபசகுனமா?” என்றீர்கள். அதற்குப் பிறகும் வருஷா வருஷம் ஆள் அனுப்பினீர்கள். நான் வருஷா வருஷம் ஆவூர் மாதா முன்னால் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். “அவ சொன்ன சொல்லையாவது மெய்யாக்கு தாயே.”

1968இல் தோட்டத்து மக்களைக் கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். பிறந்த மண்ணையும் பெற்றவர்கள் புதைந்த மண்ணையும் விட்டுவிட்டு வந்தவர்கள். அதைச் சந்தோஷம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களிடம் சொந்த ஊர் எது என்று அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள். ஒருத்திக்குச் சொந்த ஊரே தெரியாது. “கீரனூர், அங்க எங்க அத்தை இருக்காங்க” என்று சொல்லி ரயில் ஏறிவிட்டாள். விசாரித்து விசாரித்து வந்து என் வாசலில் நின்றாள். “வந்துட்டேன்” என்றாள்.

இப்போது என் வீட்டில் என் மகளாக இருக்கிறாள். இன்னும் மழை பெய்தால் இருமுகிறாள். மண் சரிவதாகக் கனவு கண்டு எழுந்து உட்காருகிறாள். நான் பக்கத்தில் இருக்கிறேன். அன்பானவர்களே, ஜெபத்தை ஆண்டவர் கேட்கிறார். மெதுவாகக் கேட்கிறார், நாம் நினைத்தபடி கேட்பதில்லை. ஆனாலும் சொன்ன சொல்லைத் தவறவிடுகிறவர் அல்ல. கோபத்தோடாவது அவரிடம் போங்கள், நம்புங்கள்.

தலைவர் அவர்களே, போன ஞாயிறு நற்கருணை வாங்க நீங்கள் எழுந்தபோது உங்கள் பின்னால் நின்றவள் அவள்தான். உங்களை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். உங்களுக்கு அவளைத் தெரியவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் ஒரு குழுவை அனுப்பப்போகிறீர்களாம். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் எழுந்து நில்லுங்கள். பிலோமினாவைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். வரமாட்டோம் என்று தெரிந்தும் வாரேன் என்று ஏன் சொன்னீர்கள்?