பூசைக்கு நின்ற பம்பும் சின்னக்குழந்தையும்

எனக்குக் காய்ச்சல் வந்திருந்த ஒரு வாரமும் நிலையத்தில் என் பங்குக் கண்ணாடிகளை, என்னோடு வேலை செய்யும் சின்னக்குழந்தைதான் துடைத்தாள். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் துடைத்தாளாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாட்ச்மேன் கோவிந்தன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

எங்கள் மலையில் புதூர்நாட்டுக்கு மேலே கரட்டில் ஒரு கல்லூரியைச் சேர்ந்தவர்கள் வெயிலிலிருந்து கரண்ட் எடுக்கும் சின்ன நிலையம் போட்டிருக்கிறார்கள். வளைந்த கண்ணாடிகள் வெயிலை ஒரு குழாய்மேல் குவிக்கும். குழாய்க்குள் ஓடும் தண்ணீர் அந்தச் சூட்டைச் சுமந்து போய் ஆவி உண்டாக்கும். அதில் வரும் கரண்டில்தான் எங்கள் சாமை மில் ஓடுகிறது. அந்தத் தண்ணீரில் கண்மையைவிட நைசான ஒரு பொடியைக் கலந்திருந்தார்கள். நானோ திரவம் என்று பெயர். வெறும் தண்ணீரைவிட அது அதிகச் சூட்டைத் தூக்கும் என்றார் இஞ்சினியர் குமரேசன். எட்டு டிகிரியாவது கூடுதலாகக் காட்டினால் நிலையம் மலையிலேயே நிற்கும். இல்லாவிட்டால் கழற்றிக் கீழே கொண்டுபோய்விடுவார்கள். அதிகாரி சோதிக்க வரும் நாளும் குறித்தாயிற்று.

அதற்கு நான்கு நாள் முன்னால் ஆயுத பூசை. குமரேசன் சார் ஊருக்குப் போயிருந்தார். பூசையில் வைத்த அரிவாளை நாங்கள் மறுநாள் வரை தொடமாட்டோம். அந்தத் தண்ணீரைச் சுற்றிவிடும் பம்பும் அப்படித்தானே என்று நான் அதை நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். ராவும் பகலும் ஓட வேண்டும் என்று சார் சொல்லியிருந்தது, சாமி காரியத்தில் மறந்தே போயிற்று.

மறுநாள் பம்பைப் போட்டால் இரண்டு டிகிரிகூடக் கூடுதலாகக் காட்டவில்லை.

"சூரியனுக்கே லீவு வுட்டுட்டியே மங்கம்மா," என்றார் கோவிந்தன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடித்துப் பிடித்து வந்த சாரிடம், நான்தான் நிறுத்தினேன் என்று சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புதுப் பொடி வர ஒரு மாதம் ஆகுமாம்.

சின்னக்குழந்தை திரவம் நிற்கும் தொட்டியின் அடியிலிருந்த குழாயைத் திறந்தாள். வெள்ளையாகக் கெட்டிச் சேறு இறங்கியது.

"கூழுக்குக் கரைச்ச மாவு மாதிரிதாங்க சார். ஆடாம வச்சிட்டா அடில தங்கிடும். பம்பு மேல இருக்கிற வெறுந்தண்ணியத்தான் இழுக்குது. பொடி எங்கியும் போவல."

இது கையால் கரையாதும்மா என்றார் சார். அதிரவைத்துக் கலக்கும் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு தடவைக்கு ஒரு லிட்டர்தான் பிடிக்கும். கட்டி இருந்தால் அதுவும் திணறும்.

"கட்டிய நான் ஒடைச்சித் தர்றேன். நீங்க அதுல போட்டு ஆட்டுங்க."

முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, கொஞ்சங்கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுத் துழாவினாள். நான் லிட்டர் லிட்டராக அளந்து கொடுத்தேன். இரண்டு பகல் முழுக்க இதே வேலை. நான் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"முருகன நல்லா கூப்புடுக்கா. கைய மட்டும் நிறுத்தாத," என்றாள்.

சோதனை நாளில் ஒன்பது டிகிரி கூடுதலாகக் காட்டியது. வந்த அதிகாரி நம்பாமல் மறுபடியும் அளந்தார். ஒன்பதேதான். மில்லில் இருந்த பெண்கள் கைதட்டியது கரட்டுக்குக் கீழே ரோடு வரைக்கும் கேட்டதாம். நிலையம் இன்றைக்கும் மலையில்தான் இருக்கிறது.

இப்போது கல்வராயன் மலையில் இன்னொன்று போடுகிறார்கள். ஐந்தாவதோடு நின்ற சின்னக்குழந்தையை, அங்கே இருப்பவர்களுக்குப் பொடி கலக்கச் சொல்லிக்கொடுக்கக் கூட்டிப் போனார்கள். ஜீப்பில் ஏறினவளிடம், நீ இல்லாமல் எனக்குக் கைகால் ஓடாதே என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பம்பப் போட்டுட்டு மீட்டரையே பாத்துக்கினு நிக்காதக்கா, பதறும். ஒரு டீ குடிச்சிட்டு வந்து பாரு. சூடு ஏறியிருக்கும்."