மலையை இடப்பக்கம் வைத்து நடந்தவர்

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வலது கை எது, இடது கை எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிரிவலம் போகும்போது எந்தக் கைப்பக்கம் மலை இருக்கிறதோ அது வலது கை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வலது கையைத் தூக்கச் சொன்னால் நான் கண்ணை மூடி, கிரிவலப் பாதையில் நிற்பதாக நினைத்துக்கொண்டு, மலைப்பக்கக் கையைத் தூக்குவேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. படிப்பில் நான் சுமார்தான், பத்தாவதோடு நின்றுவிட்டேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என்னை மிஞ்சின ஆள் கிடையாது என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் பத்து வயதில் நான் செய்த காரியத்தால் என் சின்ன மாமாவுக்குக் கிடைக்க இருந்த வேலை போகப் பார்த்தது.

சின்ன மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். சென்னையில் ஒரு கம்பெனியில் வெளிநாட்டு டிவிக்கு கார்ட்டூன் படம் வரைந்து அனுப்புகிறார்கள், எல்லாம் கையால் வரைவது, அங்கே சேரப்போகிறேன் என்று எங்கள் வீட்டு மாடி அறையில் வந்து தங்கினார். சேர்வதற்கு ஒரு பரீட்சை உண்டு. ஒரு மனிதன் நடப்பதை வரைந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவர்கள் அதை கேமராவில் பிடித்து ஓட்டிப் பார்ப்பார்கள். நடை சரியாக இருந்தால் வேலை.

அப்பாவுக்கு இது கட்டோடு பிடிக்கவில்லை. ராஜகோபுரத்துக்கு எதிர்த் தெருவில் எங்களுக்குத் தேங்காய், கற்பூரக் கடை. அண்ணாமலையார் புண்ணியத்தில் சாப்பாட்டுக்குக் குறையில்லை. கடைக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. "சித்திரைக்குள்ள வேலை கெடச்சா போ மச்சான். இல்லனா பொம்ம வேலையெல்லாம் மூட்ட கட்டிட்டு கடையில வந்து ஒக்காரு" என்று சொல்லிவிட்டார். மாமா தலையை ஆட்டினார். அவர் அப்பாவை "மாமா" என்றுதான் கூப்பிடுவார், நான் அவரை "மாமா" என்பேன். வீட்டில் யாராவது "மாமா" என்றால் இரண்டு பேர் திரும்புவார்கள்.

மாடி அறையில் ஆப்பிள் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஒரு பல்பு மாட்டி, மேலே பழைய சாமி படத்துக் கண்ணாடியைப் பதித்து மாமா ஒரு மேசை செய்திருந்தார். அதில் வரிசையாக மூன்று முளைகள் வைத்த ஒரு பட்டை. தாளிலும் மூன்று ஓட்டை. முளையில் தாளை மாட்டினால் ஒரு நூல்கூட நகராது. பல்பைப் போட்டால் அடியில் இருக்கும் தாளின் கோடு மேல் தாளில் தெரியும். அதைப் பார்த்து, கொஞ்சமே கொஞ்சம் தள்ளி அடுத்த படத்தைப் போட வேண்டும். அவர் பென்சிலால் வரைய வரைய, அழித்த தூளை ஊதிவிடுவது என் வேலை.

அவருக்கே அது புதுப்பாடம். சென்னையில் ஒரு நண்பனிடம் வாங்கிய ஜெராக்ஸ் புத்தகம் ஒன்று வைத்திருந்தார், முழுக்க இங்கிலீஷ். டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படிப்பார். புரிந்ததை உடனே எனக்குச் சொல்வார், சொன்னால்தான் அவருக்கு நிற்குமாம். சினிமா வருவதற்கு முன்னாலேயே ஒரு டப்பாவில் வரிசையாக ஓட்டை போட்டு, உள்ளே படங்களை ஒட்டிச் சுற்றினால் குதிரை ஓடுமாம். அப்புறம் ஒரு நொடிக்கு இருபத்துநாலு படம் என்று சினிமாக்காரர்கள் கணக்கு வைத்தார்களாம். பின்னால் இருக்கிற மலையையும் மரத்தையும் ஒவ்வொரு தடவையும் வரைந்து மாளாது என்று, ஆளை மட்டும் கண்ணாடி போன்ற ஒரு தாளில் எடுத்து, மலைமேல் வைத்துப் படம் பிடித்தார்களாம். அந்தக் கண்ணாடித் தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கமாகத்தான் வர்ணம் அடிப்பார்களாம். அதற்கென்று வரிசை வரிசையாகப் பெண்கள், கையில் உறை போட்டுக்கொண்டு.

"பொம்பளைங்களா?" என்றேன்.

"ஆமா பாப்பா. அப்பல்லாம் அவங்களுக்கு வர்ண வேலைதான் ஜாஸ்தி கெடைக்கும். வரைய விடறது கம்மி."

தாளைத் திருப்பிப் போடுவதுதான் பெண்பிள்ளைகளின் வேலை என்பது என் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

முதலில் பந்து வரையக் கற்றுக்கொண்டோம். மாமா போட்ட பந்து தரையில் பட்டதும் சப்பையாகி, எழும்பும்போது நீண்டு, உயிரோடு குதித்தது. நான் போட்ட பந்து கல் மாதிரி விழுந்தது. அப்புறம்தான் அவர் பரீட்சைப் படத்தை எடுத்தார். நம் ஊர்ப் படமாக இருக்கட்டும் என்று, ஒரு தாத்தா கிரிவலம் போகிறார், பின்னால் அண்ணாமலை. கையில் தடி, தோளில் துண்டு, நெற்றியில் விபூதிப் பட்டை. பன்னிரண்டு தாள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை வந்தால் தாத்தா இரண்டு எட்டு வைத்திருப்பார். மறுபடி ஒன்று. மாமா தாள்களை விரல்களுக்கு நடுவே பிடித்து உருட்டினால் தாத்தா நிற்காமல் நடப்பார். ஆனால் இருந்த இடத்திலேயே நடப்பார். மலையை வரைந்த நீளத் தாளை நாம்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுக்க வேண்டும்.

அப்பா மத்தியானம் சாப்பிட வரும்போதெல்லாம் படிக்கட்டின் கீழே நின்று குரல் கொடுப்பார். "இன்னா மச்சான், உங்க தாத்தா எங்கியாவது போய்ச் சேந்தாரா?"

"இல்ல மாமா, இங்கதான் இருக்காரு."

"ஒரு மாசமா நடக்கறாரு, ஒரு அடி நவுரல. கடைக்கு வரச் சொல்லு, தேங்கா உரிச்சிக் குடுக்கட்டும்."

அம்மா சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டு சோறு போடுவாள்.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால், மாமா வர்ணம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடம் லீவு. நான் தனியாக மேசைமுன் உட்கார்ந்து முதல் தாளை மலைமேல் வைத்துப் பார்த்தேன். தாத்தா இடமிருந்து வலமாக நடந்துகொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கு ஏதோ மாதிரி இருந்தது. எழுந்து, அவரைப் போலவே நின்று, தடி பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டு, அவருக்குப் பின்னால் இருந்த மலை எந்தக் கைப்பக்கம் வருகிறது என்று பார்த்தேன்.

இடது கை.

தாத்தா அப்பிரதட்சணமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்! ஒரு மாசமாக, ஒரு நாளைக்கு நூறு தடவை! மாமாவுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று அம்மா விளக்கு ஏற்றிக்கொண்டிருக்க, மாடியில் இவர் சாமியை எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் வேலை எப்படிக் கிடைக்கும்? அந்த ஜெராக்ஸ் புத்தகத்தில் எல்லோரும் இடமிருந்து வலமாகத்தான் நடந்தார்கள். மாமா அதைப் பார்த்து அப்படியே போட்டிருக்கிறார்.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குத் தாளைத் திருப்பிப் போடத் தெரியுமே! முதல் தாளைக் கவிழ்த்து முளையில் மாட்டி, பல்பைப் போட்டேன். தாத்தா வலமிருந்து இடமாக, மலையை வலக்கைப்பக்கம் வைத்துக்கொண்டு நின்றார். என் பள்ளிக்கூடப் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு, தெரிந்த கோட்டின்மேல் அழுத்தி வரைந்தேன். "அருணாசல சிவ" என்று சொல்லிக்கொண்டே பன்னிரண்டையும் முடித்தேன். கோடு கோணலாக இருந்தாலும் ஒரு மனிதரைப் பாவத்திலிருந்து காப்பாற்றிவிட்ட திருப்தி.

மாமா வந்தார். தாளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் திருப்பினார், மறுபடி திருப்பினார். திட்டவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன்.

என் அழுகை கேட்டு அம்மா வந்தாள். சாப்பிட வந்த அப்பாவும், கையைக்கூடக் கழுவாமல் மேலே ஏறி வந்தார். அந்த அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"இன்னாடி பண்ண?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

"தாத்தா அப்பிரதட்சணமா போறாரும்மா! மலை இந்தப் பக்கம் வருது!"

அப்பா கீழே குனிந்து, கெடாமல் இருந்த முன்பக்கத்தைப் பார்த்தார். நிமிர்ந்தார். தாத்தாவைப் போலவே திரும்பி நின்றார். இடது கையை நீட்டி, படத்தில் மலை இருக்கும் இடத்தில் அம்மாவின் மூக்கு இருப்பதைப் பார்த்தார்.

"ஏங்க, நான் இன்னா மலையா?" என்றாள் அம்மா.

"சும்மா இரு." அப்பா நான்கு எட்டு நடந்தார். திரும்பி வந்து மறுபடி நான்கு எட்டு நடந்தார். "மச்சான், புள்ள சொல்றது சரிதான்டா. பொணத்தச் சுத்தறவன்தான் இப்படிச் சுத்துவான். உனக்குத் தெரில? போன பௌர்ணமிக்குக்கூட என்னோட வந்தியேடா!"

மாமா அப்பாவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இன்னொரு தரம் நடங்க" என்றார்.

"எதுக்கு?"

"நடங்களேன்."

அப்பா நடந்தார். மாமா எழுந்துவிட்டார். "குதிகால் மொதல்ல படல. பாத்தியாக்கா? பொஸ்தகத்துல இருக்கறவன் ஷூ போட்டு நடக்கறான், அவனுக்குக் குதிகால் மொதல்ல படும். இவரு வெறுங்கால். கல்லு இருக்குமோ, தார் சுடுமோன்னு பாதத்த அப்படியே மெத்துனு வெக்கறாரு. ஒடம்பு முன்னால சாயல." என்னிடம் திரும்பி, "பாப்பா, புதுத் தாள் எடு. எல்லாத்தையும் முதல்லேருந்து போடணும்" என்றார். அப்பாவிடம், "நீங்க கொஞ்சம் மொட்ட மாடியில நடந்து காட்டணும் மாமா. இல்லனா என் வேல போச்சி" என்றார்.

அப்பா கடையை அம்மாவின் பொறுப்பில் விட்டார். எனக்குத் தெரிந்து தீபத்துக்குக்கூட அவர் அப்படிச் செய்ததில்லை. மொட்டை மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். மலையை வலக்கைப்பக்கம் வைத்து இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடப்பார், நின்று, சும்மா திரும்பி வருவார், மறுபடி நடப்பார். திரும்பி வரும்போது மட்டும் கையைக் கூப்பிக்கொண்டார், எதிர்ப்பக்கமாக நடப்பதற்கு மன்னிப்பு. மாமா தண்ணீர்த் தொட்டியின் நிழலில் முளைப் பட்டையை மடியில் வைத்து உட்கார்ந்து வரைந்து தள்ளினார். ஏழெட்டு அடிக்கு ஒரு தரம் அப்பா தலையை லேசாக மலைப்பக்கம் திருப்பி, வலது கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அவருக்கே தெரியாத பழக்கம் அது. மாமா அதையும் பிடித்துக்கொண்டார். நான் தாள்களின் மூலையில் எண் போட்டேன். பென்சில் சீவினேன்.

புதுப் பன்னிரண்டும் அன்று சாயங்காலமே முடிந்து, மறுநாள் மத்தியானத்துக்குள் கோடு திருத்தியும் ஆகிவிட்டது. மாமா அவற்றை அட்டைப் பெட்டியில் வைத்துச் சணல் கட்டி, அண்ணாமலையார் விபூதியை மேலே வைத்து, சாயங்கால பஸ்ஸில் போனார். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்கு போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. கம்பெனியில் ஒருவர் மட்டும், ஆள் வலமிருந்து இடமாக நடந்தால் வீட்டுக்குத் திரும்பி வருகிற மாதிரி அல்லவா இருக்கிறது, ஏன் இப்படிப் போட்டாய் என்று கேட்டாராம். "எங்க ஊர்ல அதுதாங்க போற வழி" என்றாராம் மாமா.

அதன் பிறகு அப்பா ஒரு நாளும் பொம்ம வேலை என்று சொன்னதில்லை. கடைக்கு வருகிறவர்களிடம், "என் மச்சான் சினிமால படம் நடக்க வெக்கறான்" என்பார். தேங்காய் வாங்க வந்தவர்கள் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அந்த வேலையை நான்தான் வாங்கித்தந்தேன் என்று வெகு காலம் நம்பியிருந்தேன். இப்போது நான் பக்கத்து ஊரான வேங்கிக்காலில் வாழ்க்கைப்பட்டு, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அப்பா முட்டிவலியால் கிரிவலம் போவதில்லை, நாற்காலியில் இருந்தபடியே மலையைக் கும்பிட்டுக்கொள்கிறார். போன தீபத்துக்கு வந்த மாமாவிடம், அன்றைக்கு உங்கள் படத்தைக் கெடுத்து உயிரை வாங்கிவிட்டேனே என்றேன்.

அவர் சிரித்தார். "நீ எங்க கெடுத்த? நீ போட்டது பின்பக்கம். முன்பக்கம் என் கோடு அப்படியே இருந்துது. கேமராவுக்குப் பின்பக்கம் தெரியாது. அப்படியே குடுத்திருக்கலாம். அந்தக் கம்பெனியில மலை எந்தக் கைப்பக்கம்னு எவன் கேக்கப்போறான்?"

"அப்ப ஏன் மாமா அவ்ளோ கஷ்டப்பட்டு திரும்பப் போட்டீங்க? அப்பாவ வெயில்ல நடக்க வெச்சி?"

"உங்கப்பா அந்த ரூம்ல நாலு எட்டு நடந்தாரே, நீ பாத்தியா?"

பார்த்தேன்தான். ஆனால் நான் பார்த்தது மலை எந்தப் பக்கம் என்பதை மட்டும்.

அன்று மொட்டை மாடியில் வெயில் இறங்கி, மாமா பென்சிலைக் கீழே வைத்து, "போதும் மாமா" என்றபோது அப்பா கீழே இறங்கிப் போனார். கடைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் முகம் கழுவி, புதிதாக விபூதி பூசி, பண்டிகைக்குக் கட்டுகிற சரிகைக் கரை வேட்டியோடு மறுபடி மேலே வந்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல், மலையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "இன்னொரு தரம் நடக்கட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷமாகக் கடையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் நீட்டும் கையை மட்டுமே பார்த்த ஒரு மனிதரை, அவர் எப்படிக் கால் வைக்கிறார் என்று ஒருவர் அன்றுதான் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"பன்னெண்டு படம்தான்பா வேணும், அது முடிஞ்சிடுச்சி" என்றேன்.

மாமா என் வாயைப் பொத்தினார். இன்னொரு புதுத் தாளை எடுத்து முளையில் மாட்டினார்.

"நடங்க மாமா" என்றார்.